நாலு பேர் இல்லாதவருக்கு ஆறு பேர்!

‘கடைசியில் தூக்கிப் போட நாலு பேர் வேணும்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். யாரோடும் ஒட்டாதவரைத் திட்டும்போதும் சரி, சொந்தபந்தத்தை விட்டுவிடாதே என்று புத்தி சொல்லும்போதும் சரி, இந்த வார்த்தைதான் முதலில் வரும்.

அந்த நாலு பேரும் இல்லாமல் போய்விட்டால்?

அமெரிக்காவில், ஈரி ஏரிக்கரையில் இருக்கும் கிளீவ்லாந்து நகரத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவர்கள் பள்ளிக்கூடப் பையன்கள்!

இயேசு சபைக் குருக்கள் 1886-ல் தொடங்கிய கத்தோலிக்க ஆண்கள் பள்ளி, செயின்ட் இக்னேஷியஸ். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைகள். அங்கே சமயப் பாடம் நடத்திய ஜிம் ஸ்கெர்ல் என்ற ஆசிரியர், 2003-ல் மாணவர்களைச் சேர்த்து ஒரு குழுவைத் தொடங்கினார். வேலை இதுதான்: சவப்பெட்டியைத் தூக்க ஆள் இல்லாத குடும்பங்களுக்குப் போய்த் தோள் கொடுப்பது.

குழுவுக்கு வைத்த பெயர் அரிமத்தியா யோசேப்பு. சிலுவையில் இறந்த இயேசுவின் உடலைக் கேட்டு வாங்கி, தனக்கென்று வைத்திருந்த கல்லறையில் அடக்கம் செய்தவர் அவர். இறந்தவரை அடக்கம் செய்வதைக் கத்தோலிக்க மரபு, இரக்கச் செயல்கள் ஏழில் ஒன்றாகச் சொல்கிறது.

அமெரிக்காவில் பெட்டியைத் தூக்க வழக்கமாக ஆறு பேர் வேண்டும். மரமோ உலோகமோ, கனமான பெட்டி. தொண்ணூறு வயதில் ஒருவர் இறந்தால், அவருடைய நண்பர்கள் பலர் அவருக்கு முன்பே போயிருப்பார்கள். மிச்சம் இருக்கும் மனைவியோ தங்கையோ கைத்தடி ஊன்றி நிற்பார்கள். ஏழைகள், முதியோர் இல்லத்தில் தனியாக இருந்தவர்களின் நிலைமை இன்னும் மோசம். இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் பையன்கள் கோட், டை போட்டுக்கொண்டு போய் நிற்கிறார்கள். வகுப்பு நேரத்தில் போக வேண்டியிருந்தால், விட்டுப்போன பாடத்தைப் பிறகு அவர்களேதான் படித்துக்கொள்ள வேண்டும்.

இதே பள்ளியில் இன்னொரு பழக்கமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் மாணவர்கள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, வீடில்லாமல் தெருவில் இருப்பவர்களைத் தேடிப் போகிறார்கள். சாப்பாட்டை நீட்டிவிட்டு ஓடிவருவதில்லை; பக்கத்தில் இருந்து பேசிவிட்டு வருகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ரோம் நகரத் தெருக்களில் பிச்சைக்காரராகவே வாழ்ந்த புனிதர் லாப்ரேயின் பெயரில் நடக்கிறது இந்தப் பணி.

எந்தப் பள்ளியின் ஆண்டு மலரையாவது புரட்டிப் பாருங்கள். கோப்பையோடு விளையாட்டு வீரர்கள், மேடையில் நாடகம், முதல் மதிப்பெண் வாங்கிய மாணவன் என்று படங்கள் வரிசையாக இருக்கும். சவப்பெட்டி தூக்கிய பையனை எந்தப் பக்கத்தில் போடுவது? இதில் ஜெயித்தவர், தோற்றவர் கிடையாது. இறந்தவரின் ஏழ்மையையும் தனிமையையும் ஊருக்குக் காட்டுவது மரியாதையும் ஆகாது. மாணவர் இதழில் இதை எழுத உட்காரும் பையன், எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று யோசித்தே ஆக வேண்டும். எடுத்ததையெல்லாம் உடனே ஸ்டேட்டஸில் போட்டுவிடும் இந்தக் காலத்தில், அந்த யோசனையே ஒரு பெரிய பாடம்தான்.

‘பரீட்சை நேரம், பிள்ளையைச் சாவு வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போகாதே’ என்பது நம் வீடுகளில் சகஜமான பேச்சு. பயந்துவிடுவான், படிப்புக் கெடும் என்ற அக்கறைதான். ஆனால் துக்கத்தின் அருகில் எப்படி நிற்பது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தருவதில்லை. பேச வேண்டாம், ஆறுதல் வார்த்தை தேட வேண்டாம், கூட நின்றாலே போதும் என்பதைப் போய் நின்றுதான் தெரிந்துகொள்ள முடியும்.

டெட்ராய்ட் நகரத்துக் கத்தோலிக்க ஆண்கள் பள்ளி ஒன்றிலும் மாணவர்கள் இதே பணியைச் செய்கிறார்கள். உறவென்று யாரும் வராத முன்னாள் ராணுவ வீரர்களையும் அவர்கள் சுமந்திருக்கிறார்கள்.

பெட்டிக்குள் இருப்பவர் யாரென்று அந்தப் பையன்களுக்குத் தெரியாது. தூக்கியவன் யாரென்று அவருக்கும் தெரியப் போவதில்லை. நன்றி சொல்லக்கூட வழியில்லாத ஒருவருக்காக, பதினாறு வயதுப் பையன் ஒருவன் மெதுவாக, அடி பிசகாமல் நடக்கிறான்.

அடுத்த முறை தெருவில் ஒரு துக்கம் என்றால், உங்கள் பிள்ளையையும் ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டு போய்வாருங்களேன்!