துப்பாக்கி முனையில் ஒரு கூண்டு

தில்லியிலும் மும்பையிலும் வசிக்கும் நமக்குத் துப்பாக்கி ஏந்திய காவலர் புதிய காட்சி அல்ல. விமான நிலையத்தில், ரயில் நிலையத்தில், குடியரசு தின அணிவகுப்பில் என்று அடிக்கடி பார்க்கிறோம். ஆனால் அந்தத் துப்பாக்கியின் குழல் எப்படி முடிகிறது என்று கவனித்தவர்கள் நம்மில் சிலரே இருப்பார்கள். அது வெறும் குழாயாக முடிவதில்லை. நீளவாட்டில் பிளவுகள் வெட்டிய, விரல் நீளமுள்ள ஓர் இரும்புக் கூண்டு அதன் முனையில் இருக்கும். அது அலங்காரம் அல்ல. அந்த இடத்தில் எதைப் பொருத்துவது என்பதைப் பொறுத்து, சுடுபவரின் கண்ணுக்கும், பக்கத்தில் நிற்பவரின் காதுக்கும் வேறு வேறு பலன்கள் உண்டு.

நம் போலீசார் பலரின் கையில் இன்றும் காணப்படும் எஸ்.எல்.ஆர். துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். செல்ஃப் லோடிங் ரைஃபிள் என்பதன் சுருக்கம் அது. வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலையில் 1960-களிலிருந்து தயாரானது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு பாயும். அடுத்த தோட்டா தானே வந்து அமர்ந்துகொள்ளும். இதைத்தான் செமி ஆட்டோமேடிக் என்கிறோம். ஒவ்வொரு முறையும் கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளும் பழைய துப்பாக்கியில் அடுத்த குறிக்கு நேரம் இருக்கும். இதிலோ தோட்டா உடனே தயார். குழல்முனை குறியிலேயே நிற்கிறதா, மேலே எகிறிவிட்டதா என்பதே கேள்வியாகி விடுகிறது.

எகிறுவது ஏன்? எஸ்.எல்.ஆர். குண்டின் எடை சுமார் 9.5 கிராம். அதைத் தள்ளும் வெடிமருந்து சுமார் 3 கிராம். மருந்து எரிந்து மறைந்துவிடுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அந்த 3 கிராமும் வாயுவாக மாறி, குண்டு வெளியேறிய மறுகணமே அதன் பின்னால் பாய்கிறது. அதுவும் குண்டைவிட வேகமாக. குண்டு முன்னே போனதற்கு ஓர் உதை, வாயு முன்னே பாய்ந்ததற்கு ஓர் உதை என்று இரண்டும் சேர்ந்துதான் தோளில் விழுகின்றன. குண்டின் உதையை முனையில் எதைப் பொருத்தினாலும் தடுக்க முடியாது. வாயுவை மட்டும் வேறு பக்கம் திருப்பலாம். குழல்முனைக் கருவிகள் எல்லாவற்றின் வித்தையும் இந்த வாயுவோடுதான்.

முதலில் ஒளி. வெளியே வரும் வாயுவில் முழுதாக எரியாத கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் இருக்கும். சூடான இவை வெளிக்காற்றில் கலந்ததும் மறுபடி பற்றிக்கொண்டு பந்துபோல் ஜொலிக்கும். நாம் முதலில் சொன்ன கூண்டு இந்த வாயுவைப் பல கீற்றுகளாகப் பிரித்துச் சிதறடித்து, அது பற்றாமல் தடுக்கிறது. இதற்கு ஃப்ளாஷ் ஹைடர் என்று பெயர். எதிரி நம்மைக் காணாமலிருக்க என்றுதான் பலரும் நினைப்பார்கள். அதில் கொஞ்சம் பலன் உண்டு என்றாலும், முக்கியப் பயன் சுடுபவருக்கே. இருட்டுக்குப் பழகிய கண் ஒரு பளிச்சென்ற ஒளியில் குருடாகிவிட்டால், முழுதாகத் தெளிய அரை மணி நேரம்கூட ஆகும். நம் ஊரில் மின்சாரம் போய் வரும்போது நாம் தடுமாறுவது போலத்தான்.

இந்தச் சின்னக் கூண்டுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்கர்கள் வியட்நாமுக்கு எடுத்துச் சென்ற எம்-16 துப்பாக்கியில் முதலில் மூன்று பற்கள் கொண்ட, முனை திறந்த ஹைடர் இருந்தது. காட்டுக்கொடிகள் அதில் சிக்கிக்கொண்டன. பிறகு முனையை வளையமாக மூடினார்கள். பறவைக்கூண்டு என்றே அதற்குப் பெயர் வந்தது. 1980-களில் வந்த எம்-16 ஏ2-வில் அடிப்பக்கப் பிளவுகளையும் அடைத்தார்கள். தரையில் படுத்துச் சுடும்போது புழுதி கிளம்பாது. வாயு மேல்நோக்கியே போவதால் முனையும் சற்றுக் கீழே அழுந்தும்.

அப்படி அழுத்துவதையே முழுநேர வேலையாகச் செய்வது காம்பென்சேட்டர். ரஷ்யர்களின் ஏ.கே.எம். துப்பாக்கியில் (1959) பேனா முனை போலச் சாய்வாக வெட்டிய ஒரு துண்டு இருக்கும். வாயு அதன் கீழ் உதட்டில் மோதி முனையைக் கீழே தள்ளுகிறது. இவ்வளவு எளிய, மலிவான தீர்வு வேறு இல்லை என்பது என் எண்ணம்.

மூன்றாவது மஸில் பிரேக். இது வாயுவைப் பக்கவாட்டிலும் சற்றுப் பின்னோக்கியும் திருப்புகிறது. படகின் துடுப்பு போல, அந்தத் தள்ளல் துப்பாக்கியை முன்னே இழுக்கும். தோளில் விழும் உதை கணிசமாகக் குறையும். துப்பாக்கி சுடும் போட்டிக்காரர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் திருப்பிவிட்ட வாயு எங்கே போகும்? சுடுபவரின் முகத்தை நோக்கியும், பக்கத்தில் படுத்திருப்பவரின் காதை நோக்கியும் போகும். ஒளியையும் இது அடக்காது.

இந்த இடத்தில்தான் நான் சற்று நிறுத்திச் சொல்ல விரும்புவது. திடீர் ஓசைக்கு 140 டெசிபெல் என்பதே காதின் எல்லையாகக் கருதப்படுகிறது. இவ்வகைத் துப்பாக்கிகளின் ஓசை 155-க்கும் மேல். டெசிபெல் கணக்கில் ஒவ்வொரு 10-க்கும் ஓசையின் வலிமை பத்து மடங்கு என்பதை நினைவில் கொண்டால், 15 கூடுதல் என்பது எவ்வளவு என்று புரியும். பிரேக் இதை இன்னும் ஏற்றிவிடுகிறது. உட்செவியில் உள்ள நுண்மயிர் அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. தன் தோள் வலிக்காமலிருக்க வாங்கிய பொருள், அடுத்தவரின் செவியைக் கெடுக்கலாம் என்பதுதான் இதில் உள்ள சங்கடம்.

அப்படியானால் சைலன்சர்? இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹிராம் மாக்ஸிமின் மகன் ஹிராம் பெர்சி மாக்ஸிம் 1909-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வாயுவைப் பல அறைகளில் தங்கவைத்து, ஆறவைத்து அனுப்புகிறது. ஆனால் சினிமாவில் வருவது போல 'புஸ்' என்று சத்தம் வராது. 20 முதல் 30 டெசிபெல் வரை குறைந்தாலும், மிச்சமே பெரிய வெடிதான். ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டு காற்றைக் கிழிக்கும் சத்தமோ குறையவே குறையாது. பொருத்தும்போது மரையும் துளையும் நேர்கோட்டில் அமையாவிட்டால் குண்டு உள்ளே உரசிவிடும் ஆபத்தும் உண்டு.

நம் நாட்டில் இவற்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை சாதாரணக் குடிமகனுக்கு இல்லை. செமி ஆட்டோமேடிக் ரைஃபிள் எளிதில் உரிமம் கிடைக்கும் பொருள் அல்ல. முனையில் என்ன இருக்க வேண்டும் என்பதை அரசுத் துறைகளே முடிவு செய்கின்றன. உதாரணமாக, இன்சாஸ் துப்பாக்கியின் ஹைடர், அதன்மேல் ரைஃபிள் கிரெனேடைச் செருகி ஏவுவதற்கும் ஏற்ற அளவில் செய்யப்பட்டது. நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 2017-இல் அறிமுகப்படுத்திய டி.ஏ.ஆர். துப்பாக்கியும் சீருடையினருக்கானதே.

அமெரிக்காவில் நிலைமை வேறு. கடையில் வாங்கி வீட்டிலேயே திருகிக்கொள்ளலாம். எனினும் அங்கும் சட்டம் முனையை விட்டுவைக்கவில்லை. 1994-இல் வந்த மத்தியச் சட்டம் ஃப்ளாஷ் ஹைடரைத் தடைக்குரிய அம்சங்களில் ஒன்றாகக் கணக்கிட்டது. உடனே கம்பெனிகள் அதற்குப் பதில் பிரேக்கைப் பொருத்தி விற்கத் தொடங்கின. கண்ணைக் காப்பது போய்க் காதைக் கெடுப்பது வந்தது! அச்சட்டம் 2004-இல் காலாவதியானது; சில மாநிலங்களில் மட்டும் இத்தகைய கட்டுப்பாடு தொடர்கிறது. நியூயார்க் மாநிலம் 2013-இல் பிரேக்கையும் தன் பட்டியலில் சேர்த்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. தடுப்பு என்று பொருள்படும் பிரேக்குக்குப் பதிலாக, உடைதல் என்று பொருள்படும் பிரேக்கின் எழுத்துகள் சட்டத்தில் ஏறிவிட்டன. பொருள் தெளிவில்லை என்று ஒரு நீதிபதி அதைத் தள்ளினார்; 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. தமிழில் எழுதியிருந்தால் இந்த வழக்கே வந்திராது.

அங்கே இருக்கும் மகனோ மருமகனோ விடுமுறையில் உங்களைச் சுடும் மைதானத்துக்கு அழைத்துப் போனால், முதலில் பக்கத்து மேடையில் உள்ள துப்பாக்கியின் முனையைப் பாருங்கள். பக்கவாட்டில் அகன்ற ஓட்டைகள் தெரிந்தால் அது பிரேக். அதன் வரிசையில் நிற்காமல் நன்றாகப் பின்தள்ளி நில்லுங்கள். கூரையுள்ள கூடமாக இருந்தால் ஓசை சுவரில் மோதித் திரும்பும். அங்கே காதுக்குள் செருகும் பஞ்சுக்குழலும், மேலே கவிழ்க்கும் காதுமூடியும் இரண்டுமே வேண்டும். பேரக்குழந்தைகளை உள்ளே அழைத்துச் செல்வதாக இருந்தால், அவர்கள் தலைக்குப் பொருந்தும் அளவில் காதுமூடி இருக்கிறதா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். பெரியவர்களுடையது சிறுவர் காதில் இடைவெளி விட்டுத்தான் உட்காரும்.