பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் பார்க்கப் போகிறீர்களா? புறப்படுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

வெளிநாடுகளில் வாழும் யாழ்ப்பாண முஸ்லிம் குடும்பங்கள் விடுமுறைக்கு இலங்கை வந்தால் பெரும்பாலும் ஒரே வட்டத்தில்தான் சுற்றித் திரும்புகின்றன. கொழும்பில் ஒரு கலியாணம், புத்தளத்தில் சொந்தபந்தம், நுவரெலியாவில் இரண்டு நாள், பிறகு கட்டுநாயக்க. யாழ்ப்பாணம் மட்டும் "அடுத்த முறை பார்ப்போம்" என்று ஒவ்வொரு முறையும் தள்ளிப் போகிறது.

இந்தத் தள்ளிப்போடலுக்கு ஒரு எல்லை உண்டு. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது பத்து வயதாக இருந்தவர் இன்று நாற்பதுகளின் நடுவில் நிற்கிறார். "இது எங்கள் வீடு, இது நான் ஓதிய பள்ளி, இந்த ஒழுங்கையால்தான் கடைக்குப் போவேன்" என்று கைநீட்டிக் காட்டக்கூடிய கடைசித் தலைமுறை அவருடையதுதான். லண்டனிலோ டோஹாவிலோ பிறந்த பிள்ளைக்கு ஊரைக் காட்ட வேறு வழிகாட்டி கிடையாது. ஆகவே இது சாதாரண சுற்றுலா அல்ல. ஆனாலும் பிள்ளைகளுக்கு அது நல்ல சுற்றுலாவாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துத் திட்டமிடுவது எப்படி என்பதையே இங்கே சொல்ல வருகிறோம்.

எந்த மாதம்?

குடாநாட்டுக்குப் பெருமழை வடகீழ்ப் பருவத்தில்தான், அதாவது ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஐரோப்பாவின் டிசம்பர் விடுமுறையில் வருகிறவர்கள் மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். மழை ஓய்ந்த ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை வெயில் தாங்கக்கூடியது. ஆனால் பாடசாலை விடுமுறையோடு அது பொருந்துவது கடினம். பெரும்பாலானோருக்குக் கிடைப்பது ஜூலை, ஒகஸ்ட் மாதங்கள்தான். அப்போது வெயிலும் காற்றும் கடுமை. 25 நாட்கள் நடக்கும் நல்லூர்த் திருவிழாவும் அந்தப் பருவத்தில்தான் வரும். அந்த நாட்களில் தங்குமிடம் கிடைப்பது சிரமம், வாடகையும் கூடும், வீதிகளும் மூடப்படும். திருவிழாத் தேதிகளைப் பார்த்த பிறகே விமானச்சீட்டைப் பதியுங்கள்.

எந்த வழி?

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். நீண்ட விமானப் பயணம் முடிந்த கையோடு பிள்ளைகளை வேனில் ஏற்றி ஒரே மூச்சில் கொண்டு போகாதீர்கள். புத்தளத்தில் ஒரு இரவு தங்குவது இரண்டு வகையில் நல்லது. உடம்புக்கும் ஓய்வு, கதைக்கும் அதுவே சரியான தொடக்கம். விரட்டப்பட்ட மக்களில் பெரும் பகுதியினரை ஏற்றுக்கொண்ட மண் அது. ஓலைக் கொட்டில்களில் தொடங்கிய வாழ்க்கையைப் பிள்ளைகள் முதலில் புத்தளத்துப் பெரியவர்களின் வாயால் கேட்கட்டும்.

அங்கிருந்து அனுராதபுரம், வவுனியா ஊடாக ஏ9 வீதியில் போனால் ஆனையிறவைக் கடப்பீர்கள். மன்னார்ப் பக்கமாகப் போனால் பூநகரி தாண்டி, 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தின் மேலால் கடல்நீரேரியைக் கடக்கலாம். போகும்போது ஒரு வழி, திரும்பும்போது மற்ற வழி என்று வைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டாது. கொழும்புக் கோட்டையிலிருந்து புகையிரதமும் இருக்கிறது. ஆசனம் முன்கூட்டியே பதிய வேண்டும்.

பலாலியில் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் அங்கு விமான சேவைகள் நடந்து வந்துள்ளன. நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் சேவையும் 2023இல் தொடங்கியது. இவை அவ்வப்போது நின்று மீண்டும் தொடங்கியவை. எனவே இவற்றை நம்பிச் சீட்டு எடுக்குமுன் அந்த வாரத்து நிலவரத்தைப் பாருங்கள். இந்தியா வழியாக வருகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டு பயணத்துக்கும் தனித்தனிச் சீட்டு என்றால், சென்னையில் பொதிகளை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டி வரலாம். அதற்கு இந்திய வீசா தேவைப்படும், பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். சிறிய விமானங்களில் பொதி அளவும் குறைவு.

கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமையுள்ள பிள்ளைகளுக்கு இலங்கை வருவதற்கான இலத்திரனியல் பயண அனுமதியை அரசின் அதிகாரபூர்வ இணையத்தளத்திலேயே பெறுங்கள். கூடுதல் பணம் பறிக்கும் இடைத்தரகுத் தளங்கள் ஏராளம்.

எத்தனை நாள்?

குறைந்தது மூன்று முழு நாட்கள். ஒரு நாளில் போய்த் திரும்பினால் இடிந்த சுவர்கள் மட்டுமே பிள்ளையின் மனதில் நிற்கும்.

முதல் நாளை சோனகத் தெருவுக்கு ஒதுக்குங்கள். காலை வெயில் ஏறுமுன் பெரிய பள்ளிவாசல், ஒஸ்மானியாக் கல்லூரி, கதீஜா பாடசாலை, ஐந்து சந்தி என்று நடந்தே காட்டுங்கள். வாகனத்துக்குள் இருந்து பார்த்தால் ஊர் தெரியாது. வெள்ளிக்கிழமையாக அமைந்தால் இன்னும் நல்லது; ஜும்ஆவுக்குப் பின் உங்கள் வாப்பாவின் பெயரைச் சொன்னால் அடையாளம் காண ஒருவராவது இருப்பார். சாப்பாட்டை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து கடை நடத்துகிறவர்களுக்கு அது சிறு கைகொடுப்பு, உங்களுக்கும் ஹலால் பற்றிய கவலை இல்லை.

இரண்டாம் நாள் நகரம். 1618 அளவில் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோண வடிவில் பெருப்பித்த கோட்டையின் மதில்மேல் மாலையில் நடக்கலாம். அருகிலேயே பொது நூலகம். 1981இல் அது எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த இழப்பு யாழ்ப்பாணத்தார் எல்லோருக்கும் பொதுவானது. இந்த நகரத்தின் மேயராக 1955இல் எம்.எம். சுல்தான் என்ற முஸ்லிம் இருந்தார் என்பதையும், இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ் வண்ணார்பண்ணையில் பிறந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்தவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். விரட்டப்பட்ட ஒரு நாளோடு நம் வரலாறு தொடங்கவில்லை. அதற்கு முன் நூற்றாண்டுகள் இருக்கின்றன.

மூன்றாம் நாள் பிள்ளைகளுடைய நாள். சிறுவர்களென்றால் காரைநகர் கசூரினாக் கடற்கரை போதும். ஆழம் குறைந்த கடல். புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றையும் காட்டலாம். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். பேராறு ஒன்றும் இல்லாத குடாநாடு சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரை நம்பி வாழ்வதை அங்கே ஒரு பாடமாகவே நடத்திவிடலாம். பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு. ஏறக்குறைய ஒரு மணி நேரம். காட்டுக் குதிரைகள், பவளக்கல் மதில்கள், அரபு வணிகர் கொண்டு வந்ததாகச் சொல்லப்படும் பெருக்க மரம் எல்லாம் அங்கே உண்டு. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டே ஏறுங்கள். காற்று பலமென்றால் சிறு குழந்தையோடு போக வேண்டாம்.

பாதுகாப்பு

கைவிடப்பட்ட வளவுகளுக்குள் பிள்ளைகளைத் தனியே ஓட விடாதீர்கள். பற்றைக்குள் கட்டில்லாத கிணறு இருக்கலாம், பாம்பும் இருக்கலாம். ஏ9 வீதியில் முகமாலைப் பகுதி நீண்டகாலம் கண்ணிவெடி அகற்றப்பட்ட இடம்; எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் வீதியை விட்டு இறங்க வேண்டாம். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும் என்பதால் முழுக்கைச் சட்டை நல்லது. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடுங்கள்.

அந்தக் கதையை எப்படிச் சொல்வது?

மேலே சொன்ன எல்லாவற்றையும் விடக் கடினமானது இதுதான். பயணத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஜின்னா மைதானத்தில் நிற்கும்போது முதன்முறையாகச் சொன்னால் பெரியவர்கள் அழுவார்கள், பிள்ளைகள் பயந்துபோவார்கள்.

ஏழு, எட்டு வயதுப் பிள்ளைக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. "துவக்கு வைத்திருந்தவர்கள் எங்களைப் போகச் சொன்னார்கள், நாங்கள் போக வேண்டி வந்தது. அல்லாஹ் எங்களைக் காப்பாற்றினான்" என்றால் போதும். பதின்ம வயதுப் பிள்ளைக்கு முழு உண்மையும் சொல்லலாம். விடுதலைப் புலிகள் 1990 ஒக்டோபரில் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து மக்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நகையும் பணமும் வழியில் பறிக்கப்பட்டன. அது தவறு என்று 2002இல் கிளிநொச்சியில் அவர்களுடைய தரப்பே ஒப்புக்கொண்டது. இவ்வளவும் சொல்லலாம்.

ஆனால் இதைச் செய்தது ஆயுதம் தாங்கிய ஓர் இயக்கம், பக்கத்து வீட்டுத் தமிழர் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அன்று கண்ணீரோடு வழியனுப்பிய அயலவர்களின் கதை நம் குடும்பங்களில் இல்லாமல் இல்லை. அவர்களில் யாராவது உயிரோடு இருந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஸலாமத்தை விசாரியுங்கள். பகையைக் கொடுத்து அனுப்புவதற்கு இந்தப் பயணம் தேவையே இல்லை.

பழைய வீட்டில் இன்று வேறு யாராவது குடியிருந்தால், முன்கூட்டியே ஆள் மூலம் சொல்லி அனுமதி பெற்றுப் போங்கள். காணிப் பிரச்சினை இருந்தால் அதற்கு வேறொரு நாள், வேறொரு பயணம், ஒரு சட்டத்தரணி. பிள்ளைகள் பார்த்திருக்க வாசலில் வாக்குவாதம் நடந்தால், ஊர் என்றதும் அவர்களுக்கு அந்தச் சண்டைதான் நினைவுக்கு வரும்.

இன்னொரு கேள்விக்கும் தயாராக இருங்கள். பள்ளியில் லுஹரைச் சுருக்கித் தொழும்போது, "இது எங்கள் ஊர் என்றால் நாங்கள் ஏன் பயணிகளாகத் தொழுகிறோம்?" என்று பிள்ளை கேட்கலாம். மார்க்கச் சட்டத்தை உலமாக்களிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கேள்வியின் மற்றப் பாதிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர்தான். நாம் எல்லோரும் திரும்பி வந்து குடியேறுவோமா என்பது ஒவ்வொரு குடும்பமும் எடுக்க வேண்டிய தீர்மானம். அந்தத் தீர்மானத்தை நாளை எடுக்கப்போகும் பிள்ளைக்கு ஊரை ஒரு தடவையாவது தன் கண்ணால் பார்த்த நினைவு இருக்க வேண்டும். வருகிற விடுமுறைக்கான பட்டியலில், கலியாண வீடுகளை எழுதுமுன் அந்த மூன்று நாட்களை முதலில் எழுதி வையுங்கள். இன்ஷா அல்லாஹ், மற்றவை தானாக அமையும்.