ஒரு வளைவு, ஒன்பது தரம்

இந்தத் தைப்பொங்கலுக்கு வாழ்த்து மடலை வீட்டிலேயே செய்து பாருங்கள். வெலிமடை உருளைக்கிழங்கு ஒன்று, முத்திரை மை, ஸ்பொஞ்ச் துண்டு, தடித்த வெள்ளை மட்டை. அவ்வளவுதான்.

முதலில் மலை. பழைய தாளைக் கையால் கிழியுங்கள், கத்தரிக்கோல் வேண்டாம். மலைமுகடு போல நெளிந்து வரும் அந்த விளிம்பு கீழே பார்க்க, தாளை மட்டையில் வையுங்கள். ஸ்பொஞ்சில் மை தொட்டு, தாளிலிருந்து கீழ்நோக்கி வட்ட வட்டமாக மெல்லத் தேயுங்கள். தாளைச் சற்று இறக்கி, அடுத்த மலையை இன்னும் அழுத்தமாக. தூரத்து மலை வெளிறி, கிட்டத்து மலை கருத்து, நடுவே எல்ல ஊர்க் காலையின் பனிமூட்டம் தானாக வந்து நிற்கும். எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த கணம் அதுதான்.

இனி கிழங்கு. பாதியாக வெட்டி, ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுங்கள். இல்லாவிட்டால் மை பரவும். ஒரேயொரு வளைவைச் செதுக்கி, அருகருகே ஒன்பது தரம் பதியுங்கள். 1921இல் கட்டி முடிந்த நம் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் தயார்! எழுத்துச் செதுக்கினால் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும்.

மலைநாட்டு ஈரக் காற்றில் மை சுணங்கித்தான் காயும். ஓர் இரவு விட்டு, பிறகு உறையில் இடுங்கள்.