புகைக்குழாய் சொல்லும் வயது

சென்னை ஐயப்பன்தாங்கலிலிருந்து வடக்கே போனால் பழவேற்காடு, தெற்கே போனால் சதுரங்கப்பட்டினம். காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் பார்த்துவிடக்கூடிய தொலைவுதான். இரண்டு ஊரிலும் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டினார்கள். தெற்கே இருப்பதன் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. வடக்கே முட்புதர் மண்டிய மேடும் அகழியின் தடமும்தான் மிச்சம்.

பழவேற்காட்டுக் கோட்டைதான் மூத்தது. டச்சுக்காரர்கள் அங்கே வைத்திருந்த பண்டகசாலையை 1612இல் சாந்தோமிலிருந்து போன போர்த்துக்கீசியர் தாக்கி அழித்தார்கள். மறு ஆண்டே கோட்டை எழுந்துவிட்டது. வெம்மர் வான் பெர்ஹெம் என்ற அதிகாரியின் சொந்த மாநிலமான கெல்டர்லாந்தை நினைவுபடுத்தி அதற்குக் கெல்டிரியா என்று பெயர் வைத்தார்கள். நம் நெசவாளர்களின் துணி இங்கிருந்து இந்தோனேசியத் தீவுகளுக்குப் போனது. அங்கே கிராம்பும் மிளகும் வாங்க அந்தத் துணிதான் காசு. வெடிமருந்தும் இங்கே தயாரானது. மனிதர்களையும் அடிமைகளாக அதே தீவுகளில் இருந்த படேவியா நகருக்குக் கப்பலேற்றினார்கள். இதை விட்டுவிட்டுக் கோட்டையின் பெருமையை மட்டும் பேசுவது நியாயமில்லை. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கோட்டையை இடித்துத் தள்ளினார்கள்.

இடித்த கோட்டையில் படிக்க என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. சதுரங்கப்பட்டினத்தில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோது சீனப் பீங்கான் ஓடுகளோடு சுட்ட களிமண் புகைக்குழாய்த் துண்டுகளும் கிடைத்தன. பார்ப்பதற்கு அற்பமான பொருள்தான். ஆனால் தொல்லியலாளருக்கு நாணயத்தைவிடச் சில சமயம் அதுவே மேல். நாணயம் பல தலைமுறைகள் கைமாறும். மலிவான களிமண் குழாயோ சீக்கிரமே உடைந்து குப்பைக்குப் போய்விடும். ஆகவே அது கிடக்கும் மண்ணடுக்கின் காலமும் அது செய்யப்பட்ட காலமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்தத் துண்டுகளிலிருந்து வயதைக் கணிக்கும் வழியை 1954இல் வெளியிட்டவர் அமெரிக்கத் தொல்லியலாளர் ஜீன் ஹாரிங்டன். குழாய்த் தண்டின் துளைக்குள் துளையிடும் ஊசிகளை ஒவ்வொன்றாக நுழைத்து அளந்தார். 1620-1650 காலத்து ஆங்கிலேயக் குழாய்களில் துளை பெரும்பாலும் அங்குலத்தில் 64இல் 8 பங்கு. 1750க்குப் பிறகு 64இல் 4 பங்கு. காலம் போகப்போகத் தண்டு நீண்டது. நீண்ட தண்டுக்கு மெல்லிய கம்பியைச் செருகித் துளையிட்டார்கள். டச்சுக் குழாய்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே உதவுவது செய்தவரின் முத்திரை. கௌடா நகரக் குழாய்த் தொழிலாளர் சங்கம் 1660இல் உருவானது. முத்திரைகள் பதிவில் இருந்தன.

அதே ஹாரிங்டன்தான் பென்சில்வேனியாவில் நெசசிட்டி கோட்டையைத் தோண்டினார். 22 வயது ஜார்ஜ் வாஷிங்டன் 1754இல் பிரெஞ்சுப் படைக்கு எதிராக அவசரமாக எழுப்பிய மரவேலிக் கோட்டை அது. 1930களில் அதைத் திரும்பக் கட்டியபோது நாற்கர வடிவமாகக் கட்டிவிட்டார்கள். இருபது ஆண்டுகள் கழித்து ஹாரிங்டன் தோண்டியபோது, ஈர மண்ணில் மக்காமல் கிடந்த மரக்கம்பங்களின் அடிக்கட்டைகள் வட்டமாக வரிசையிட்டிருந்தன. உண்மையான கோட்டை ஏறக்குறைய 53 அடி விட்டமுள்ள வட்டம். நின்றுகொண்டிருந்த நாற்கரத்தைப் பிரித்துவிட்டு வட்டமாகக் கட்டினார்கள்.

ஈர மண் என்றால் பழவேற்காட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. காற்றுப் புகாத சேற்றில் மரம், தோல், விதை போன்றவை நெடுங்காலம் தாங்கும். ஏரிக்கரையில் இருக்கும் அந்த அகழியின் அடிச்சேற்றைத் தோண்டிப் பார்ப்பதற்கு இதுவே போதுமான காரணம். செங்கல்லைப் பெயர்த்து எடுத்திருந்தாலும் அடித்தளம் இருந்த பள்ளத்தில் பிற்பாடு நிரம்பிய மண் வேறு நிறத்தில் இருக்கும். அதை வைத்தே சுவரின் போக்கை வரையலாம். பக்கத்திலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தை, வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளோடு, நன்றாகவே பாதுகாக்கிறோம். அங்கே உள்ள கல்வெட்டுகள் செல்வந்தர்களின் பெயரைத்தான் தருகின்றன. சமையல்காரர் என்ன சமைத்தார், காவலாளி எதில் புகைத்தார், அடிமைகளை எந்த அறையில் அடைத்தார்கள் என்ற கேள்விகளுக்கு அந்தக் கற்களில் விடை கிடையாது. அந்த முட்புதரை வெட்டிச் சீராகத் தோண்டினால் சிலவற்றுக்காவது கிடைக்கலாம்.