மதுரைச் சீமையின் ஏறு தழுவலைக் காணப் புறப்படுவோர்க்கு

தைத்திங்கள் முதல் நாளில் கிடர்பூரில் வாழும் நம்மவர் இல்லங்களிலும் பொங்கற்பானை பொங்குகின்றது. ஆயினும் மறுநாள் மாட்டுப் பொங்கலுக்கு மாடுதான் இராது. கப்பல்துறையின் ஓசை கேட்டு வளரும் நம் பிள்ளைகள், திமில் பருத்த காளையைத் திரைப்படத்திலன்றிக் கண்டறியார். அவர்களை ஒருமுறையேனும் அழைத்துச் சென்று காட்ட விரும்பும் நேயர்கள் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்களை இங்கே எடுத்துரைப்போம்.

மதுரையைச் சுற்றி மூன்று ஊர்கள் சல்லிக்கட்டிற்குப் பெயர் பெற்றவை. பொங்கலன்று அவனியாபுரத்திலும், மாட்டுப் பொங்கலன்று பாலமேட்டிலும், அதற்கு மறுநாள் அலங்காநல்லூரிலும் காளைகள் அவிழ்க்கப்படுதல் வழக்கம். பொங்கல் சனவரி 15-ஆம் நாளில் வருமாயின், 17-இல் அலங்காநல்லூர் எனக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கொல்கத்தாவிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். விரைவு வண்டியில் ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து மேலும் சில மணி நேரம் செல்லும். கோரமண்டல் விரைவு வண்டி 2022 முதல் ஹவுராவை விட்டுச் சாலிமாரிலிருந்து புறப்படுகின்றது. ஹூக்ளியின் மேலுள்ள வித்யாசாகர் பாலத்தைக் கடந்தால் அதனை அடைந்துவிடலாமாதலின், கிடர்பூர்வாசிகளுக்கு இது வசதியே. ஆனால் அதே நாள்களில்தான் கங்காசாகர் திருவிழாவும் நிகழ்கின்றது. நாட்டின் பல திசைகளினின்றும் யாத்திரிகர் திரள்வதால் சாலைகளில் நெரிசல் மிகும். ஆகவே இரண்டு மணி நேரமாவது முன்னதாகப் புறப்படுதல் நலம்.

சனவரி 12-இல் புறப்பட்டு, 13-ஆம் நாள் இரவு எழும்பூரில் மதுரை வண்டி ஏறினால், 14-ஆம் நாள் காலை மதுரை சேரலாம். 2024 நவம்பர் முதல் இரயில் முன்பதிவுக் காலம் 120 நாள்களிலிருந்து 60 நாள்களாகக் குறைக்கப்பட்டுள்ளது. எனவே முதற்பயணத்திற்கு நவம்பர் 13-ஆம் நாளிலும், மதுரை வண்டிக்கு 14-ஆம் நாளிலும் சீட்டுப் பதிவு செய்தல் வேண்டும். பொங்கற்காலத்து மதுரை வண்டிகள் பதிவு தொடங்கிய சில நிமிடங்களிலேயே நிரம்பிவிடும். இடம் கிடையாதோர் கிளாம்பாக்கத்திலிருந்து செல்லும் அரசுச் சிறப்புப் பேருந்துகளை நாடலாம். திரும்பும் வண்டிக்கும் இவ்வாறே 60 நாள் கணக்கிட்டுப் பதிவு செய்ய மறத்தலாகாது.

இனி, விளையாட்டின் முறை. முதலில் கோயில் காளை வாடிவாசல் வழியே வரும். அதனை எவரும் பிடிப்பதில்லை. பின்னர் ஒவ்வொன்றாக வரும் காளைகளின் திமிலை மட்டுமே பற்றலாம். கொம்பையும் வாலையும் பற்றுதல் குற்றம். காளை மூன்று முறை துள்ளும் வரையிலோ, குறித்த எல்லையைக் கடக்கும் வரையிலோ பிடியை விடாதவர் வென்றவராவர். எவருக்கும் அகப்படாத காளைக்கே பரிசு உரியது. காளைகளுக்கும் வீரர்களுக்கும் முன்னதாக மருத்துவச் சோதனை உண்டு.

ஸ்பெயின் நாட்டுப் பாம்ப்லோனா நகரில் சூலை 7 முதல் 14 வரை நாள்தோறும் காலை 8 மணிக்குக் காளைகள் தெருவில் ஓட்டப்படுகின்றன. அங்கே மனிதர் காளைக்கு முன்னே ஓடுகின்றனர். ஓடிய காளைகள் அன்று மாலையே அரங்கில் கொல்லப்படுகின்றன. நம் நாட்டிலோ காளை தன் வீட்டிற்குத் திரும்புகின்றது. இருப்பினும் விலங்கு துன்புறுகின்றது என்ற வழக்கு எழுந்து, 2014-இல் உச்ச நீதிமன்றம் இதனைத் தடை செய்தது. 2017 சனவரியில் மெரினாக் கடற்கரையில் திரண்ட இளைஞரின் கிளர்ச்சிக்குப் பின் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. அச்சட்டம் செல்லும் என 2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது.

சட்டம் இசைந்தமையால் ஆபத்து நீங்கிவிட்டதாகக் கருதுதல் தவறு. களத்தில் இறங்காதோரும் குத்துண்டு இறந்திருக்கின்றனர். களத்தைத் தாண்டி ஓடிவரும் காளைகளை உரிமையாளர் கயிறிட்டுப் பிடிக்கும் இடமே வேடிக்கை பார்ப்போர்க்கு மிகக் கொடியது. அவ்விடத்தை அணுகாதீர்கள். இரட்டைத் தடுப்பு வேலிக்குப் பின்னுள்ள பார்வையாளர் மேடையில் இடம் கிடைத்தாலன்றிச் சிறுவரை அழைத்துச் செல்லற்க. அவ்விடமும் அளவானதே; விடியுமுன் செல்வோர்க்கே அது கிட்டும்.

இடம் கிட்டாவிடினும் பயணம் வீணாகாது. மாட்டுப் பொங்கலன்று ஊர்ப்புறம் சென்றால், குளிப்பாட்டிக் கொம்பிற்கு வண்ணம் தீட்டி மாலையிட்ட காளைகளைத் தொழுவத்திலேயே காணலாம். புலிக்குளம் இனக் காளையின் கழுத்தை, அதனை வளர்ப்பவர் துணையோடு ஒரு பிள்ளை தடவிப் பார்க்குமாயின், மேடையில் அமர்ந்து கண்டதினும் அது நெடுநாள் நினைவில் நிற்கும்.