ஈர்ப்பு விசையும் விளக்கத்தின் எல்லையும்

பொருள்கள் ஒன்றையொன்று ஈர்ப்பது ஏன்? 1692இல் பாயில் சொற்பொழிவுகளை ஆற்றிய ஆங்கிலேயக் குருவானவர் ரிச்சர்டு பென்ட்லி, அவற்றை அச்சிடுமுன் நியூட்டனிடம் கடித வாயிலாக விளக்கம் வேண்டினார். ஈர்ப்பு பருப்பொருளின் உள்ளியல்பு என்னும் கருத்தைத் தம்மேல் ஏற்றவேண்டாம் என்றும், அதன் காரணத்தைத் தாம் அறிந்ததாகக் கூறவில்லை என்றும் 1693இல் நியூட்டன் மறுமொழி எழுதினார்.

இதனால் அவருடைய விதி குறைவுபடவில்லை. ஈர்ப்பு, தூரத்தின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பதைக் கொண்டே கோள்களின் பாதைகள் கணிக்கப்பட்டன. ஈர்ப்பு உண்டு என்பது அடிப்படை நிகழ்வாக ஏற்கப்பட்டது. பிரசங்க பீடத்தில் நிற்கும் நாமோ, இத்தகைய இடைவெளியைக் கண்டவுடன் கடவுளின் பெயரால் அடைத்துவிட விரைகிறோம். அவ்வாறு அடைத்திருந்தால், ஈர்ப்பு என்பது கால-வெளியின் வளைவே என்று 1915இல் ஐன்ஸ்டைன் எல்லையை நகர்த்தியபோது நம் அருளுரை என்னவாகியிருக்கும்?

நிறை கால-வெளியை எவ்வளவு வளைக்கும் என்பதை அவருடைய சமன்பாடுகள் சொல்லுகின்றன. ஏன் வளைக்கிறது என்பதற்கு அவற்றில் விடையில்லை.