டிஸ்கை நியாயமாகப் பங்கு போடுவது எப்படி?

பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போது கணினியில் ஒரு சின்ன ஃபைலைத் திறந்து பாருங்கள். ப்ராசசர் சும்மாதான் இருக்கும், மெமரியும் மிச்சம் இருக்கும், ஆனா ஃபைல் திறக்காது. எல்லா நிரல்களும் ஒரே டிஸ்க்குக்காக வரிசையில் நிற்பதுதான் காரணம். "சமமாப் பிரிச்சுக் கொடுத்தா முடிஞ்சுது"ன்னுதான் நானும் நினைத்தேன். எதைச் சமமாகப் பிரிப்பது என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வன்தட்டு. படிக்கும் முனை வேறு இடத்துக்கு நகர்ந்து, தட்டு சுழன்று வரும்வரை காத்திருக்க 12 மில்லிசெகண்ட் ஆகிறது. வரிசையாகப் படித்தால் நொடிக்கு 150 எம்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பேக்கப் நிரல் 1 எம்பி துண்டுகளாக வரிசையாகப் படிக்கிறது. டேட்டாபேஸ் 4 கேபி துண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடுகிறது. தனியாக ஓடினால் பேக்கப்புக்கு நொடிக்கு 150 எம்பி, டேட்டாபேஸுக்கு 83 கோரிக்கைகள்.

முதல் வழி: ஆளுக்கு ஒரு கோரிக்கை. ஒவ்வொரு முறையும் முனை தாவ வேண்டும். ஒரு ஜோடிக்கு 31 மில்லிசெகண்ட். பேக்கப்புக்கு 32 எம்பி, டேட்டாபேஸுக்கு 32 கோரிக்கைகள். பாதி நேரத்துக்கு மேல் தாவலிலேயே போய்விடுகிறது.

இரண்டாவது வழி: ஆளுக்கு ஒரே அளவு டேட்டா. பேக்கப் 1 எம்பி படித்தால் டேட்டாபேஸும் 1 எம்பி, அதாவது 256 கோரிக்கைகள். அதற்கே மூன்று நொடி ஆகும். பேக்கப் கதை கந்தல்!

மூன்றாவது வழி: ஆளுக்கு 100 மில்லிசெகண்ட் நேரம். பேக்கப்புக்குச் சுமார் 66 எம்பி, டேட்டாபேஸுக்கு 40 கோரிக்கைகள். முதல் வழியைவிட ரெண்டு பேருக்குமே லாபம்! தன் நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்பது அவரவர் பாடு. லினக்ஸில் பல வருஷம் இருந்த சிஎஃப்க்யூ, இப்படி நேரத்தைத்தான் பங்கிட்டது. 2019-ல் வந்த 5.0 பதிப்பில் அது நீக்கப்பட்டது.

ஆனால் இதிலும் ஒரு குறை. பேக்கப்பின் முறை நடக்கும்போது வரும் டேட்டாபேஸ் கோரிக்கை 100 மில்லிசெகண்ட் வரை காத்திருக்கணும். பேக்கப் காலைக்குள் முடிந்தால் போதும். டேட்டாபேஸுக்கோ திரை முன்னால் ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

அதனால்தான் 2010-ல் மெய்நிகர் கணினிகளுக்காக வந்த எம்கிளாக் என்ற முறை, சமம் என்ற பேச்சையே விட்டுவிட்டது. ஒவ்வொருவருக்கும் அது மூன்று எண்கள் வைக்கிறது: கட்டாயம் கிடைக்க வேண்டியது எவ்வளவு, மிஞ்சக்கூடாதது எவ்வளவு, மிச்சத்தில் பங்கு எவ்வளவு. பேக்கப்புக்கு ஒரு உச்சவரம்பு, டேட்டாபேஸுக்கு ஒரு உத்தரவாதம். அந்த எண்களை முடிவு செய்ய வேண்டியது நாம்தான். டிஸ்க்குக்கு அது தெரியாது.